தூசி அலர்ஜிதாங்க

எங்கள் அடுக்ககத்தின் தண்ணீர் மோட்டார் சுவிட்சுக்குப் பச்சை ரெக்சினில் ஓர் உறை போட்டிருக்கிறது. தைத்தவர் இப்போது இங்கே இல்லை. துவாக்குடிப் பக்கம் கடையை மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். போய் ஆறு வருடம் ஆகிறது.

அவருக்குத் தென்னூரில் சீட் கவர் கடை. கார், வேன், ஸ்கூட்டர் எதுவானாலும் அளவெடுத்துத் தைத்துத் தருவார். குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில், எங்கள் கட்டடத்தில், எங்களுக்கு எதிர்வீட்டில். குடிவந்த மூன்றாம் நாளே என் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினுக்கு ஒரு பை தைத்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார். நான் கேட்கவில்லை. கதவு திறந்திருந்தபோது மேசைமேல் அது அம்மணமாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். "மேல ஒண்ணு போட்டுட்டாப் போதும் சார், உள்ள என்ன இருந்தா என்ன" என்றார். பிறகு இதே வாக்கியத்தை அவர் வாயிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். மழையில் நனைந்த மீட்டர் பெட்டிக்கும் சொல்வார், பெயின்ட் உரிந்த கதவுக்கும் சொல்வார்.

நான் கூட்டுறவுத் துறையில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்ணுவது உத்தியோகமாக இருந்து, ஓய்வுக்குப் பிறகு சீக்காக மாறிவிட்டது. படிக்கட்டுகளை எண்ணுவேன், கோயில் வரிசையில் முன்னால் நிற்கிறவர்களை எண்ணுவேன், தூக்கம் வராவிட்டால் மின்விசிறி எத்தனை சுற்றுக்கு ஒருமுறை முனகுகிறது என்று எண்ணுவேன். அவர் வீட்டில் முதல்முறை காபி சாப்பிட்டபோது உறை போட்டிருந்த சாமான்களை எண்ணினேன். முப்பத்தொன்று. மிக்ஸி, ரிமோட், ஃப்ரிட்ஜின் கைப்பிடி, கேஸ் சிலிண்டர், குடை. அவருடைய அளவு நாடாவுக்கே ஒரு சின்ன உறை. கடையில் மிஞ்சும் ஸ்பாஞ்சுத் துணுக்கையும் பஞ்சையும் மூட்டை கட்டி எடுத்துவந்து ஓய்வு நாளில் தலையணை அடைப்பார். வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் முதுகுக்கு ஒன்று இருக்கும். மகள் கட்டிலில் மட்டும் ஏழு. அவற்றின் மேல் பூப்போட்ட துணி, ஓரத்தில் மடிப்பு, பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஆளும் அப்படித்தான். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கஞ்சி போட்ட காலர், கையில் மடித்த கைக்குட்டை. பேசிக்கொண்டே இருக்கும்போது கை காலருக்குப் போகும். இரண்டு விரலால் பிடித்துத் தலையைப் பக்கவாட்டில் லேசாக இழுத்து, காலரை நேராக்கிக்கொள்வார். கைக்குட்டையால் கண்ணை ஒற்றுவார். தொண்டையைச் செருமுவார், செருமிய கையோடு "சொல்லுங்க" என்பார். எதிரே யாரும் ஒன்றும் சொல்ல வராதபோதும் சொல்லுங்க என்பார். கடையில் வேலை செய்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்குச் 'சொல்லுங்க முதலாளி' என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் சத்திரம் பேருந்து நிலையத்தில் நானும் அவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். எனக்கு முன் இருக்கையில் அவர். காவிரிப் பாலம் தாண்டி அம்மா மண்டபம் நிறுத்தம் வருவதற்குள் இருபத்திரண்டு தடவை காலரைத் தொட்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன், இவ்வளவு மினுக்கு ஒரு ஆம்பளைக்கு ஆகாது என்று. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அவர் நல்லா உடுத்தறாரு. உங்களுக்கு வயித்தெரிச்சல். அடுத்தவன் கழுத்தை எண்ணிக்கிட்டு வர்றீங்களே, டிக்கெட் வாங்கினீங்களா?" என்றாள்.

வாங்க மறந்திருந்தேன்.

அவர் மகள் ஹரிணிக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. என்னைத் தாத்தா என்பாள். காலையில் எழுந்ததும் அவள் தும்முவது சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்கும். சில நாள் பதினொன்று வரைக்கும் போகும். உள்ளங்கையால் மூக்கைக் கீழிருந்து மேலாக ஒரு தள்ளு தள்ளிக்கொண்டே பள்ளிக்குக் கிளம்புவாள். அந்த வருடம் கொள்ளிடத்துக் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வந்த மாதங்களில் அவளுக்கு மூக்கை உறிஞ்சும் பழக்கம் வந்தது. சளி இல்லாதபோதும் உறிஞ்சினாள். பிறகு கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டினாள். மாசி முடிவதற்குள் கழுத்து ஒரு பக்கமாக வெட்டத் தொடங்கியது, தொண்டையிலிருந்து குருவிக் குஞ்சு கத்துவதுபோல் ஒரு சத்தமும் வந்தது.

யாரும் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார். "தூசி அலர்ஜிதாங்க." லிஃப்டில் ஏறும்போது சொல்வார். மளிகைக் கடையில் சொல்வார். தாயார் சன்னிதி வரிசையில் முன்னே நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்ததற்கே சொன்னார். அலர்ஜி கௌரவமான வியாதி. பெரிய வீடுகளிலும் வருகிறது. கழுத்து வெட்டுவது அப்படி இல்லை. அதற்கு என்ன பேர் சொல்வது என்றே எங்களில் யாருக்கும் தெரியாது. கெட்ட பழக்கம் என்றார்கள். கண்ணேறு என்றார்கள். அவர் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போட்டுக் குழந்தையை மூன்று சுற்று சுற்றுவார். புகையில் அவள் தும்முவாள், மூக்கை உறிஞ்சுவாள், சுற்றி முடிப்பதற்குள் கழுத்து இன்னும் நாலு தடவை வெட்டும். பார்த்தீர்களா, கண்ணேறு எப்படி இறங்குகிறது என்பார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஒரு கல்யாண வரவேற்பில் அவர்கள் எங்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையின் தொண்டைச் சத்தம் வரும்போதெல்லாம் அவர் எழுந்து அவளைக் கை கழுவக் கூட்டிக்கொண்டு போனார். இன்னும் இலை போடவில்லை. மூன்று தடவை கை கழுவியாயிற்று. பக்கத்திலிருந்த உறவுக்கார அம்மாள் ஒருத்தி, மூக்கில் அலர்ஜி என்றால் கழுத்து ஏன் வெட்டிக்கொள்கிறது என்று கேட்டே விட்டாள். மூக்கு அடைத்திருக்கும்போது கழுத்தை அப்படி ஒரு இழு இழுத்தால் அடைப்பு விடும் என்று அவர் பதில் சொன்னார். சொல்லிக்கொண்டே தன் காலரை நேராக்கினார். இவ்வளவு தயாராக ஒரு பதிலை எப்படி வைத்திருக்கிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குழந்தை அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளும் சொன்னாள், "தூசி அலர்ஜிதாங்க." அவர் சொல்லும் அதே ராகத்தில். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் காது மடல் சிவந்துவிட்டது.

பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் கூட வந்தால் பேச்சுக்கு ஒரு கனம் இருக்கும் என்று என்னையும் அழைத்துப் போனார். வகுப்பு ஆசிரியை நல்ல பெண்தான், களைத்துப் போயிருந்தார். ஹரிணி செய்வதை மற்ற பிள்ளைகள் செய்து காட்டுகிறார்கள், வகுப்பு முழுக்கக் கழுத்து வெட்டுகிறது, பாடம் நடத்த முடியவில்லை, அதனால் அவளை வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறோம் என்றார். இவர் அலர்ஜி என்றார். அப்படியானால் டாக்டரிடம் ஒரு சர்டிஃபிகேட் வாங்கி வாருங்கள், அதுவரை வீட்டில் இருக்கட்டும் என்றார் ஆசிரியை. வெளியே வந்தபோது வராந்தாவில் ஒரு பெஞ்சில் குழந்தை தனியாக உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து, ஜன்னல் வழியாகக் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது. அவர் நின்று பார்த்தார். அங்கேயும் செருமினார், அங்கேயும் சொல்லுங்க என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஆக, டாக்டரிடம் போனது நோய்க்காக இல்லை. அலர்ஜி என்று ஒரு வரி எழுதி வாங்குவதற்காக.

தென்னூரில் குழந்தை மருத்துவர், நடுவயது அம்மாள். எதிர்வீட்டுக்காரரும் மனைவியும் குழந்தையும் உள்ளே போனபோது என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். டாக்டர் குழந்தையின் மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மூக்கின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு விழுந்திருந்ததைக் காட்டி, தேய்த்துத் தேய்த்து வந்த கோடு என்றார். கண்ணுக்குக் கீழே கருத்திருப்பதும், வாயைத் திறந்துகொண்டு தூங்குவதும் எல்லாம் மூக்கு அலர்ஜிதான் என்றார். அப்பாவின் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டும். என் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா என்பதுபோல் தலையசைத்தார்.

டாக்டர் அதோடு விடவில்லை. சும்மா உட்கார்ந்து ஹரிணியோடு பள்ளிக் கதை பேசினார், பேசிக்கொண்டே கவனித்தார். இது ஒரு நாளைக்கு எத்தனை தடவை இருக்கும் என்று பொதுவாகக் கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா? காலை ஏழு முதல் எட்டு வரை பால்கனியில் பார்த்ததில் கழுத்து நாற்பது, கண் அதைவிட இரண்டு மடங்கு, சாயங்காலத்தில் கூடுதல் என்று ஒப்பித்தேன். டாக்டர் என்னை ஏறிட்டார்.

"நீங்க யாரு, தாத்தாவா?"

"எதிர்வீடுங்க."

"இவ காதுபட எண்ணிச் சொல்லாதீங்க. யாராவது பாக்கறாங்கன்னு தெரிஞ்சாலே கூடும்."

ஹரிணி என்னைப் பார்த்தாள். பால்கனியில் நான் பேப்பர் படிப்பதாகத்தான் அதுவரை நினைத்திருப்பாள். அந்தப் பார்வைக்கு முன்னால் உட்கார எனக்கு நாற்காலி போதவில்லை.

செய்வதற்கு முன்னால் எப்படி இருக்கும் என்று டாக்டர் அவளிடம் கேட்டார். இத்தனை மாதத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. அவள் யோசித்தாள்.

"தும்மல் வர்ற மாதிரி இருக்கும். மூக்குல இல்ல, இங்க. கழுத்துல. ஆனா தும்மல் வராது. இதச் செஞ்சாத்தான் போகும். அடக்கினா அடங்கும், அப்புறம் நிறைய வந்துடும்."

அவர் கை காலரில் நின்றுவிட்டது. முதன்முறையாக அது அங்கே வேலையில்லாமல் நின்றதைப் பார்த்தேன்.

இதற்கு 'டிக்' என்று பேர் என்றார் டாக்டர். வேண்டுமென்று செய்வதில்லை, திட்டினால் போகாது. மூக்கு அலர்ஜி, மூச்சிழுப்பு உள்ள குழந்தைகளிடம் இது சேர்ந்து வருவதை நிறையப் பார்க்கிறார்களாம். அரிப்பில் தொடங்கிய உறிஞ்சல், அரிப்புப் போன பிறகும் தானாக நின்றுகொள்ளலாம்; மூக்கடைப்பால் தூக்கம் கெட்டால் டிக்கும் கூடலாம்; ஆனால் இதனால்தான் அது வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, உடம்புக்குள் இரண்டுக்கும் என்ன உறவு என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றார். மூக்குக்கு ஸ்ப்ரே எழுதினார். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று விசாரித்து, தலையணைகளையும் சாம்பிராணியையும் முதலில் நிறுத்தச் சொன்னார். அடுத்து, எழுதிக்கொண்டே ஒரு கேள்வி.

"குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி உண்டா? சின்ன வயசுல இருந்திருந்தாலும் சொல்லுங்க."

அவர் செருமினார். "சொல்லுங்க" வந்தது. அதன் பின் "இல்லைங்க மேடம். எங்க பக்கம் யாருக்கும் இல்ல" என்றார். கை காலரை நேராக்கியது. கழுத்து லேசாக இழுபட்டது.

பஸ்ஸில் இருபத்திரண்டு எண்ணியவன் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. என் கண் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று சுவரில் மாட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்தேன். ஹரிணி மட்டும் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

சர்டிஃபிகேட்டில் இரண்டு வரி இருந்தது. மூக்கு அலர்ஜிக்குச் சிகிச்சையில் இருக்கிறாள் என்று ஒன்று. டிக் இருக்கிறது, வேண்டுமென்று செய்வதல்ல, வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று இன்னொன்று. இரண்டாவது வரி வேண்டாம், அலர்ஜி என்று மட்டும் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். அந்த வரி இல்லாவிட்டால் நாளைக்கு மறுபடியும் வராந்தாவில்தான் உட்காருவாள் என்றார் டாக்டர். இவர் காகிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்துகொண்டார். பொம்பளைப் பிள்ளை மேடம், நாளைக்கு ஒரு இடத்தில் கொடுக்க வேண்டாமா என்று வாசற்படியில் நின்று சொன்னார். எட்டு வயதுக் குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் அவள் பள்ளிக்குப் போகவில்லை. ஏழு தலையணையும் மாடியிலிருந்து இறங்கின. ஸ்ப்ரேயை ஒரு வேளை தவறாமல் அவரே அடித்துவிட்டார். காலைத் தும்மல் குறைந்து நின்றது. உறிஞ்சல் அநேகமாகப் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள் என்று அவர் மனைவி வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் மாடி முழுக்க ஏறி இறங்கிச் சொன்னார், அலர்ஜி சரியாகிவிட்டது, இனி ஒன்றும் இல்லை என்று. கழுத்து வெட்டுவது குறைந்தது. நிற்கவில்லை.

அன்றைக்கு லிஃப்ட் பழுது. படியில் அவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், நான் இறங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் குரல் கேட்டது. அதட்டல் இல்லை, அழாத குறை.

"மூக்கு சரியாயிடுச்சுல்ல? தலையணையெல்லாம் தூக்கிப் போட்டாச்சுல்ல? இன்னும் எதுக்கும்மா பண்றே? எனக்காக நிறுத்தேன்."

"தெரியலப்பா."

"அலர்ஜிதான் இல்லையே இப்ப."

அவள் ஒரு படி ஏறினாள். திரும்பி நின்று, சண்டைக்கு இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாள்.

"அப்ப உங்களுக்கு என்ன அலர்ஜிப்பா?"

அவர் கை காலரில் இருந்தது. நான் சுவரோரமாக ஒதுங்கி, அவர்களைக் கடந்து, ஒன்றும் கேட்காதவன்போல் இறங்கிப் போனேன். கீழே போய் நின்ற பிறகுதான் எதற்காக இறங்கினேன் என்பதே மறந்துவிட்டது தெரிந்தது.

மறுநாள் காலை அவர் கதவைத் தட்டினார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. டாக்டரிடம் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்றார். நான் எதற்கு என்று கேட்டேன். "போன தடவை நான் சொன்னப்போ நீங்க இருந்தீங்க சார்" என்றார். அவர் சொல்லாமலே எனக்குப் புரிந்தது: நான் எண்ணியது அவருக்குத் தெரியும். பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த முதுகுக்கும் அது தெரிந்திருக்கிறது.

அதே அறை, அதே நாற்காலிகள். டாக்டர் குழந்தையின் மூக்கைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். இவர் குறுக்கிட்டார்.

"மேடம், போன தடவை ஒண்ணு கேட்டீங்க. குடும்பத்துல யாருக்காவது உண்டான்னு."

"ஆமா."

"எனக்கு உண்டுங்க."

அவர் மனைவி திரும்பிப் பார்த்தார். இவர் மேசையின் விளிம்பைப் பார்த்தபடி சொன்னார். ஏழு வயதில் வந்ததாம். அவருக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டேதான் இருக்குமாம். பள்ளியில் வாத்தியார் ஒருத்தர் கழுத்து அசையக் கூடாது என்று தலையில் சிலேட்டை வைத்து நிறுத்துவாராம், விழுந்தால் அடி. காலரைச் சரிசெய்வதுபோல் செய்தால் யாருக்கும் தெரிவதில்லை என்பதை ஆறாம் வகுப்பில் கண்டுபிடித்தாராம். செருமல் வந்தால் கூடவே ஒரு வார்த்தையைப் போட்டுவிடுவது அப்பா கடையில் உட்காரத் தொடங்கியபோது பழகியது. பெண் பார்க்கப் போன அன்றைக்கு ஒரு மணி நேரம் அடக்கி வைத்திருந்ததையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது.

டாக்டர் எழுதவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த சர்டிஃபிகேட்டை இரண்டு வரியோடும் எழுதிக் கொடுங்கள், நானே கொண்டுபோய் டீச்சரிடம் படித்துக் காட்டுகிறேன், எனக்கும் இருக்கிறது என்று சொல்கிறேன் என்றார். சொல்லி முடித்ததும் கழுத்து இழுத்தது. கை காலருக்குப் போகவில்லை. வெறும் கழுத்து, ஒரு பக்கமாக வெட்டி நின்றது. மகளுடையதைப் போலவே இருந்தது.

ஹரிணி நாற்காலியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"ராத்திரியில உங்களுக்கும் வலிக்குமாப்பா?"

அவர் அவளைப் பார்த்தார். "உனக்கு வலிக்குதா?"

"தினமும் வலிக்கும்."

"ஏன் கண்ணு சொல்லல?"

"அலர்ஜிக்குக் கழுத்து வலிக்காதே."

இத்தனை நாள் எண்ணினேனே, பால்கனியிலும் பஸ்ஸிலும். ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை அப்படி வெட்டினால் அந்தக் கழுத்து வலிக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"வலிக்கும்" என்றார் அவர். "எனக்கும் தினமும் வலிக்கும்."

அவர் மனைவி கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாக ராத்திரிகளில் அவர் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிடுகிறவர். தையல் மெஷினில் குனிந்தே உட்கார்ந்திருப்பதால் வரும் வலி என்று கணவர் அவரிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த அம்மாள் கையை நீட்டி மகளைத் தன் பக்கம் இழுத்து, முடியை ஒதுக்கி, எந்த இடம் என்று கேட்டார். குழந்தை காதுக்குக் கீழே ஓரிடத்தைத் தொட்டுக் காட்டியது. பிறகு அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார்.

"உங்களுக்கு?"

அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் காட்டினார்.